நீலச் சாயத்துக்கு இருபது மந்திரம்

பெங்களூர் கண்டோன்மென்டில் மருத்துவம் வளர்வதற்குப் பாடுபட்டவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிப் பல சுவர்களில் பதித்திருக்கிறார்கள். பெர்னார்ட் என்ற பெயர் அவற்றில் எங்கும் இல்லை. இதில் அநியாயம் ஒன்றும் கிடையாது. கல்வெட்டு என்பது கட்டடம் கொடுத்தவர்களுக்கு. பெர்னார்ட் கொடுத்தது வெறும் பிரியதத்த மந்திரம். கத்தோலிக்கர்கள் மாதாவை நோக்கிச் சொல்லும் அந்தச் சின்ன ஜெபத்தை, ஒரு கண்ணாடித் துண்டுக்கு இருபது தடவை வீதம், ஏழு வருஷம் ஆஸ்பத்திரி லேபரட்டரியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு வருமுன் அவர் சவுத் பரேடில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறையில் பதினைந்து வருஷம் இருந்தார். இருட்டறையில் கடிகாரம் மாட்டினால் தெரியாது. தெரிவதற்கு விளக்குப் போட்டால் படம் போய்விடும். இந்தச் சிக்கலைப் பெர்னார்ட் ஜெபத்தால் தீர்த்தார். பட்டாளத்து அதிகாரிகளின் மீசைகள் பன்னிரண்டு மந்திரத்தில் துலங்கின. அவர்களுடைய சம்சாரங்களின் வெள்ளை கவுன்களுக்கு எட்டே போதும். முதலாளி ஒருநாள் காமிராவோடு சேர்த்துத் தன்னையும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டபோது, பெர்னார்டுக்குக் கண்ணாடியைத் திரவத்தில் முக்கி எடுப்பதைத் தவிர வேறு தொழில் தெரியவில்லை. நல்லவேளையாக, உலகத்தில் அந்த ஒன்றை மட்டும் தெரிந்தவனைத் தேடிக்கொண்டு இன்னொருவர் இருந்தார்.

அவர் டாக்டர் சீனிவாசராகவன். சீமையில் படித்துவிட்டு, ஒரு தோல்பெட்டி நிறையக் கெட்டியான ஊசிகளோடு திரும்பியிருந்தவர். எலும்பில் கட்டி வந்தால் அதுவரை நடந்த வைத்தியம் எளிமையானது: வீங்கினால் வெட்டு. சந்தேகப் பிராணிகள் ஒரு துண்டு அறுத்தெடுத்து, எலும்பு மெழுகாகும்வரை திராவகத்தில் வாரக்கணக்காய் ஊறவைத்துப் பார்ப்பார்கள். பார்த்து முடிப்பதற்குள் நோயாளி மூன்றில் ஒரு வழியாகப் போயிருப்பார்: குணமாகி, கல்லறைக்கு, அல்லது வேறு ஆஸ்பத்திரிக்கு. டாக்டரின் வழி புதியது. வீக்கத்துக்குள் ஊசியைச் செலுத்தி ஒரு சொட்டு உறிஞ்ச வேண்டும். அதைக் கண்ணாடியில் விட்டு, இன்னொரு கண்ணாடியால் மெலிசாக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டு, நீலச் சாயத்திலும் ரோஸ் சாயத்திலும் முக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே கரு இருக்கும். நீலச் சாயம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கரு அளவாக, வெளிறி இருந்தால் கட்டி சாது. சுரண்டி எடுத்தால் போதும். கரு கன்னங்கரேலென்று கிடந்தால் கட்டி துஷ்டன். காலோ கையோ போக வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியின் பெரிய சர்ஜன், ஒரு வெள்ளைக்கார துரை, இதைக் கேட்டுவிட்டு, “சேற்றுச் சொட்டைப் பார்த்து ஜோசியம் சொல்கிறீர்களா?” என்றார். அறுப்பது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவம். விருந்தில் கோழியை அவர்தான் அறுக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதாகச் சொல்வார்கள்.

டாக்டர் ஊசி போடுவார், பெர்னார்ட் சாயம் போடுவார், டாக்டர் பார்ப்பார். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் உரிமை பெர்னார்டுக்கு இல்லை. அவர் கேட்டதும் இல்லை. லேபரட்டரியில் கடிகாரமும் இல்லை. அது சூப்பரின்டென்டென்ட் அறைக்கு வாடகையில்லாமல் குடிபோய்விட்டது. அது தொங்கிய ஆணி மட்டும் சுவரில் இருந்தது. பெர்னார்ட் அதில் தொப்பியை மாட்டிவிட்டுப் பழைய முறைப்படியே வேலையை ஆரம்பித்தார். நீலச் சாயத்துக்கு இருபது மந்திரம். ரோஸுக்கு ஐந்து. பாட்டில் பழசானால் நீலத்துக்கு இருபத்தைந்து.

இது பக்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாய் மாதாவை வாழ்த்திக்கொண்டிருக்கும்போது பெர்னார்டின் மனம் ரஸ்ஸல் மார்க்கெட்டில் இருக்கும். இன்றைக்குக் கானாங்கெளுத்தி வந்திருக்குமா, மீன்காரி நேற்றைய மீனை இன்றைக்குப் பிறந்தது என்று சாதிப்பாளா, வீட்டுக் கூரையில் அந்த மூன்று ஓடுகளை மழைக்கு முன்னால் மாற்ற முடியுமா என்று ஓடும். அதனால்தான் மந்திரங்கள் மெஷின் தையல்போல ஒரே சீராக விழுந்தன. வெளியே தோட்டி நாணு வராண்டாவைத் துடைத்துக்கொண்டு வருவான். பெர்னார்ட் இருபது மந்திரம் முடிக்கும்போது நாணு மூன்றாவது தூணில் இருப்பான். இதில் ஒரு முழம்கூடப் பிசகியது கிடையாது. டாக்டர் தம் கட்டுரை ஒன்றில், “திட்டமாக நிர்ணயிக்கப்பட்ட நேரம் சாயத்தில் வைக்கப்பட்டது” என்று எழுதியிருந்தார். பெர்னார்டிடம் எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. விஞ்ஞானத்தில் சில விஷயங்களைக் கேட்காமலிருப்பதே மரியாதை.

வீட்டில் மட்டும் இந்த வேகத்துக்கு மதிப்பில்லை. பிளாக்பள்ளி மாதா கோயிலுக்குப் பின்சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். சாயங்கால ஜெபத்தில் பெர்னார்ட் ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார். மனைவி கேத்தரின் பாதியில் இருப்பாள்.

“இன்னாங்க இது, மெயில் ரயிலைப் பிடிக்கவா போறீங்க? மாதா மூச்சு வாங்குவாங்க, பாவம். மெதுவா சொன்னா இன்னா?”

“மெதுவா சொன்னாலும் அதே மந்திரந்தானே.”

“உங்க வாயிலே அது மந்திரமா, கடலை மெல்ற சத்தமா?”

கேத்தரினுக்கு இருபத்தொன்பது வயது. குழந்தை இல்லை, காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று இருந்தது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளின் வெள்ளை கவுன், கான்வென்ட் யூனிஃபார்ம் எல்லாம் அவள் வலது காலின் கீழிருந்துதான் புறப்பட்டுப் போயின. 1938-ஆம் வருஷம் மழைக்காலத்தில் அந்த வலது முழங்காலுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. தைலம் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பற்றைப் போட்டாள். பிறகு ஒருநாள் மிதிக்கும்போது கால் மடங்கிக் கீழே விழுந்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் சீனிவாசராகவன் அவள் காலில் ஊசியைச் செலுத்தினார். கேத்தரின் பல்லைக் கடித்துக்கொண்டு, “டாக்டர் சாமி, துணி தைக்கிற ஊசியே ஜாஸ்தின்னு நெனச்சிருந்தேன். இது கோணி தைக்கிறது போலிருக்கே,” என்றாள். டாக்டர் வழக்கப்படி இரண்டு கண்ணாடிகளில் சொட்டை இழுத்து ஸ்பிரிட்டில் போட்டார். எப்போதும் இரண்டுதான். ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று முதலாவது உடைந்தால் இருக்கட்டும் என்பதற்கு.

செவ்வாய்க்கிழமை காலை பெர்னார்ட் அவற்றில் ஒன்றை எடுத்தார். அவருக்குள் பதற்றம் எதுவும் இல்லை. எதுவுமே இல்லை. தூங்கி எழுந்த கை மரத்துப்போய், அது நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி உடம்பு முழுவதும் இருந்தது. கண்ணாடியை நீலச் சாயத்தில் இறக்கினார். முதல் மந்திரத்தை ஆரம்பித்தார்.

மீன் வரவில்லை. ஓடும் வரவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, சொல்கிற வார்த்தை அவர் காதில் விழுந்தது. மந்திரத்தின் கடைசியில் மரண நேரத்தைப் பற்றி ஒரு இடம் வரும். அங்கே வந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தாண்டினார். அடுத்த மந்திரத்திலும் அதே இடத்தில் நின்றார். அழுகை வரவில்லை. வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதுபோல இருபது தடவையும் அங்கே இறங்கி, மெதுவாக ஏறினார். கணக்கில் தப்பில்லை. இருபதுக்கு இருபது. கண்ணாடியை எடுத்துக் கழுவி, ரோஸில் முக்கி, காயவைத்து, டாக்டரின் மேஜையில் வைத்தார்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. கருக்களெல்லாம் கறுத்துத் திரண்டு கிடந்தன. பெர்னார்டின் சாயத்தை அவர் ரிசர்வ் பாங்க் நோட்டைப்போல நம்பினார். சாயம் எப்போதும் ஒன்றுதான். ஆகவே கறுப்பு செல்லுடையதுதான்.

“பெர்னார்ட், உக்காருப்பா,” என்றார். பெர்னார்டை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. “துஷ்டன்தான். தொடையோட எடுத்துடணும். சீக்கிரம் எடுத்தா ஆத்துக்காரி பிழைச்சுக்குவா.”

“சரி சார்.”

“வெள்ளிக்கிழமை காலம்பற. சர்ஜன் துரை கிட்டே ரிப்போர்ட் போயிடுத்து.”

“சரி சார்.”

சர்ஜன் துரை ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். “அந்தச் சொட்டு என்னோடு ஒத்துப்போவது இதுதான் முதல் தடவை,” என்று டாக்டரின் கையைக் குலுக்கினாராம். டாக்டரும் அந்தக் கண்ணாடியை, இவ்வளவு தெளிவான உதாரணம் இனிக் கிடைக்காது என்று பிசின் போட்டு மூடி, மதராஸில் ஒரு புரொபசருக்குப் பார்சலில் அனுப்பிவிட்டார். புதன்கிழமை பெர்னார்ட், கணவன் என்ற இடத்தில் சம்மதக் கையெழுத்துப் போட்டார். மை பரவாமல் ஒற்றுத்தாளை வைத்து அழகாக ஒற்றினார். குமாஸ்தா பாராட்டினார்.

வார்டில் கேத்தரின் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியின் ரவிக்கைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டாங்க,” என்றாள். “மாதாவுக்கு வெள்ளியிலே கால் செஞ்சு வைக்கறேன்னு நேர்ந்திருந்தேன். இப்ப எந்தக் காலுக்கு வைக்கறது?”

“மீதிக் காலுக்கு,” என்றார் பெர்னார்ட்.

அவள் சிரித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: “ஒத்தக் கால்லே மெஷின் மிதிக்க முடியுமாங்க?”

“தெரியலே.”

“எனக்காகச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“மெதுவாவா?”

“மெதுவாத்தான்.”

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். பத்து வருஷக் கோரிக்கை நிறைவேறியிருந்தது.

வியாழக்கிழமை காலை பெர்னார்ட் வழக்கம்போல லேபரட்டரிக்கு வந்தார். மனைவியின் காலை எடுப்பதற்கு முந்தின நாள் வேலைக்கு வரலாமா என்று அவருக்குத் தோன்றவில்லை. வராமல் வேறு என்ன செய்வது என்பதும் தோன்றவில்லை. யாரோ ஒரு கிழவரின் தோள் எலும்புச் சொட்டு காத்திருந்தது. நீலத்தில் இறக்கினார், இருபது சொன்னார், எடுத்தார். நாணு ஜன்னலுக்கு வெளியே ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே தலையை நீட்டினான்.

“இன்னாபா, இன்னிக்கி சரியா மூணாந்தூண்லே முடிச்சிட்டே. அன்னிக்கி உள்ளே தூங்கிட்டியோன்னு நெனச்சேன்.”

“என்னிக்கி?”

“செவ்வாக்கெழமை. வராண்டா பூரா துடைச்சிட்டேன், பக்கெட்டைக் கவுத்துட்டேன், போய் ஒரு பீடி குடிச்சிட்டு வந்தேன். நீ அப்பவும் முணுமுணுன்னு அந்தத் தண்ணியையே பார்த்துக்கினு கீறே.”

பெர்னார்ட் கிழவரின் கண்ணாடியைத் தாங்கியில் வைத்தார். வராண்டாவில் மொத்தம் பதினோரு தூண். அதற்குமேல் ஒரு பீடி. நீலச் சாயத்தில் கண்ணாடியை ஊறப்போட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். எல்லாம் கறுக்கும். சாதுவும் கறுக்கும். ஏசுநாதரின் செல்லை எடுத்துப் போட்டாலும் கறுக்கும்.

இதை டாக்டரிடம் சொல்லப் போனார்.

“ஜெபமா?” என்றார் டாக்டர். “ஏம்பா, புஸ்தகத்திலே எத்தனை நிமிஷம்னு அச்சடிச்சிருக்கானோல்லியோ?”

“அது சீமைத் தண்ணிக்கு சார். நம்ம குழாத்தண்ணிக்கு ஒத்துக்கலே. நம்ம பாட்டிலுக்கு இருபது மந்திரம்.”

“ஏழு வருஷமா?”

“ஆமா சார்.”

“அப்போ நான் பார்த்ததெல்லாம்…” டாக்டர் நெற்றியில் நாமத்தைத் தடவிக்கொண்டார். “திட்டமாக நிர்ணயிக்கப்பட்ட நேரம்னு எழுதியிருக்கேனேப்பா.”

“திட்டமாத்தான் சார் இருந்தது. அன்னிக்கி மட்டுந்தான் கேத்தரினுக்காகச் சொன்னேன்.”

டாக்டர் கணக்குப் போட்டார். ரிப்போர்ட் துரையின் மேஜையில் இருந்தது. கண்ணாடி மதராஸ் ரயிலில் போய்க்கொண்டிருந்தது. சேற்றுச் சொட்டு ஜோசியம், ஜெபத்தில் வெந்த ஜோசியமாகிவிட்டது என்று தெரிந்தால் துரை கிளப்பில் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார். இதையெல்லாம் யோசித்து முடித்த பிறகு அவர் எழுந்து, ஸ்பிரிட் ஜாடியைத் திறந்து, உள்ளே கிடந்த இரண்டாவது கண்ணாடியைக் காட்டினார். அது அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியங்களில் ஒன்று. அதற்கும் கல்வெட்டு கிடையாது.

“வாட்ச் என்கிட்டே இருக்கு. எத்தனை நிமிஷம்னு சொல்லு.”

“நிமிஷம் தெரியாது சார். மந்திரந்தான் தெரியும்.”

“அப்போ எப்பவும் சொல்றாப்போலே சொல்லு. இது வேற யாரோன்னு நினைச்சுக்கோ.”

“நாணுவைத் துடைக்கச் சொல்லுங்க சார்.”

அன்று வராண்டாவை இரண்டாம் தடவை துடைக்கச் சொன்னதற்கு நாணு தன் சங்கத்தில் புகார் கொடுக்கப்போவதாக மிரட்டினான். சங்கம் என்று ஒன்று இல்லாததால் துடைத்தான்.

பெர்னார்ட் கண்ணாடியை நீலத்தில் இறக்கினார். மீதமிருந்தது அந்த ஒன்றுதான். முதல் மந்திரத்தில் அதே பள்ளம் வந்தது. நின்றுவிடும்போல இருந்தது. டாக்டரின் வாட்ச் டிக் டிக்கென்றது. பெர்னார்ட் மனதைப் பிடித்து ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு இழுத்தார். அது வர மறுத்தது. வார்டுக்குத்தான் போவேன் என்றது. தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் மீன்காரி முன்னால் நிறுத்தினார். கானாங்கெளுத்தி. செவுளைத் தூக்கிக் காட்டு. இது நேற்றைய மீன். இல்லவே இல்லை, உன் கண்தான் நேற்றைய கண். நாலாவது மந்திரம். ஐந்து. கேத்தரின் கட்டிலில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். அவளைத் தள்ளிவிட்டு ஓட்டுக்கு ஏறினார். மூன்று ஓடு. மங்களூர் ஓடு. ஒன்பது. பத்து. சட்டத்தில் கரையான் இருக்குமோ. பெண்டாட்டியின் காலைக் காப்பாற்ற, பெண்டாட்டியை மறந்துவிட்டு ஜெபிக்க வேண்டியிருந்தது. பதினைந்து. உள்ளே ஏதோ ஒன்று, விளக்கை ஊதி அணைத்ததுபோலச் சும்மாயிற்று. அதன்பிறகு கஷ்டமில்லை. மந்திரங்கள் மெஷின் தையலாக விழுந்தன.

“மூணாந்தூணு!” என்று நாணு வெளியிலிருந்து கத்தினான்.

பெர்னார்ட் கண்ணாடியை எடுத்தார். டாக்டர் வாட்சைப் பார்த்து, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி என்று குறித்துக்கொண்டார். விஞ்ஞானம் அந்த விநாடியில்தான் திட்டமாக நிர்ணயிக்கப்பட்டது.

மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விலகி, “வந்து பாருப்பா,” என்றார்.

பெர்னார்ட் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். ரோஸ் நிறத்தில் பெரிய பெரிய வட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிறிய நீலத்தில் இருபது முப்பது கருக்கள், கூடையில் முட்டை அடுக்கியதுபோல.

“பெரிய செல் கட்டி. பார்க்கத்தான் ராட்சசன். சாது,” என்றார் டாக்டர். “சுரண்டி எடுத்துட்டு எலும்புத் துண்டு வெச்சு அடைச்சா போறும். காலை வெட்ட வேண்டாம்.”

“சரி சார்,” என்றார் பெர்னார்ட்.

சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. வரும் என்று அவரும் காத்திருந்தார். வரவில்லை. அந்த நேரத்தில் ஓட்டுச் சட்டத்தில் கரையானைப் பற்றிய கவலைதான் இருந்தது. ரோஸ் சாயத்தின் பாட்டிலை மூடி வைத்தார்.

டாக்டர் தாமே போய்த் துரையிடம் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கினார். முந்தாநாள் கறுப்பு, இன்றைக்கு வெளுப்பா என்று துரை கேட்டார். சாயக் கோளாறு, பொறுப்பு என்னுடையது என்றார் டாக்டர். ஜெபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. துரை, வெட்டுவதா சுரண்டுவதா என்பதைத் திறந்து பார்த்தபின் முடிவு செய்வேன் என்றார். வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தார். உள்ளே செங்காவிக் கூழாக, சாதுவாகவே இருந்தது. சுரண்டினார். அன்றைக்கு அவர் முகம், விருந்தில் கோழிக்குப் பதில் கஞ்சி பரிமாறப்பட்டவர் முகம்போல இருந்தது என்று நர்சுகள் சொன்னார்கள்.

கேத்தரின் நான்கு மாதம் கட்டோடு கிடந்து வீட்டுக்கு வந்தாள். கால் இருந்தது. முட்டி மட்டும் மடங்கவில்லை. வலது காலை நேரே நீட்டிக்கொண்டு, இடது காலால் மெஷினை மிதிக்கப் பழகினாள். வெள்ளிக் காலை மாதாவுக்குக் கொண்டுபோய் வைத்தாள். “முட்டி மடங்குற மாதிரி செஞ்சிருக்கான் பாருங்க, அந்தக் கள்ளத் தட்டான். மாதா இது என் கால் இல்லேன்னு சொல்லிடப்போறாங்க,” என்றாள்.

வீடு வந்த அன்று சாயங்காலம் இருவரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். முழந்தாளிட முடியாததால் அவள் பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பெர்னார்ட் ஆரம்பித்தார். மணிகள் கடகடவென்று உருண்டன. இரண்டாவது பத்தில் அவள் ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“இன்னாங்க, மறுபடியும் ரயிலா? ஆஸ்பத்திரியிலே மெதுவாச் சொன்னேன்னீங்களே. அதுலேதான் எனக்குக் கால் வந்துச்சி. இப்பவும் அந்த மாதிரி சொல்லுங்க.”

பெர்னார்ட் நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்று ஒருமுறை வாயைத் திறந்தார்.

“மெதுவாச் சொன்னா கறுத்துடும்,” என்றார்.

“இன்னாது?”

அவர் விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் எடுத்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் மாலையை எடுத்துக்கொண்டு, தன் போக்கில், மெதுவாகச் சொன்னாள். பெர்னார்ட் ஐம்பத்துமூன்றையும் முடித்துவிட்டு, அவள் முடிக்கும்வரை, கூரையில் மாற்றாமல் விட்ட மூன்று ஓடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.